உப்புப் பாத்தி: கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சிறிய அளவில் உப்பு விளைவிப்போரும், நகரத்து வீட்டுக்காரரும் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கேள்வி (குச்சவெளி): அண்ணை, எங்கட உப்பு கசக்குது. மூட்டையிலயும் ஈரம் கசியுது. கழுவியும் போகேல்லை. ஏன்?

பதில்: அது மகனீசியம். கடல்நீர் காயக் காய ஒவ்வொரு உப்பும் ஒவ்வொரு கட்டத்தில் படியும். முதலில் சுண்ணாம்பு, ஏறத்தாழ 13 போமே பாகையிலிருந்து (உப்புநீரின் செறிவைக் காட்டும் அளவு) ஜிப்சம், 25ஐத் தாண்டினால் கறியுப்பு. 29, 30 பாகைக்கு மேல் மிஞ்சுவது மகனீசியம் நிறைந்த கசப்புநீர். அதை வெளியே விடாமல் அதன்மேலேயே புதுநீர் பாய்ச்சினால் அள்ளும் உப்பு கசப்பில் தோய்ந்துதான் வரும். 29இல் வடித்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் விளையட்டும் என்று விட்டுவைப்பதால்தான் நல்ல உப்பும் கெடுகிறது. நன்னீரில் கழுவாதீர்கள், உப்புக் கரைந்து எடை போகும். 25 பாகைத் தெளிநீரில் அலசி, வரம்பில் கும்பமாகக் குவியுங்கள். மிச்ச மகனீசியம் இரவு ஈரத்தை இழுத்து நாலைந்து நாளில் தானே வடியும்.

கேள்வி (நிலாவெளி): நீரின் செறிவு பார்க்கும் பாகைமானி இல்லை. முட்டை மிதந்தால் போதுமா?

பதில்: போதாது. புது முட்டை 10, 11 பாகையிலேயே மிதக்கும். அந்த நீரைப் பாத்திக்கு விட்டால் ஜிப்சமும் உப்போடு படியும். தராசு இருந்தால் போதும். காலையில், நீர் ஆறியிருக்கும்போது, சரியாக ஒரு லீற்றரை நிறுங்கள். பாத்திர எடை போக 1.21 கிலோ என்றால் 25 பாகை, 1.25 என்றால் வடிக்கும் நேரம். வெயிலில் சுட்ட நீர் எடையைக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: ஆயிரம் லீற்றர் கடல்நீருக்கு எவ்வளவு உப்பு?

பதில்: கறியுப்பு 27 கிலோ அளவில் கரைந்திருக்கும். கசப்புநீரோடு போவது போக 20 கிலோ எதிர்பார்க்கலாம். மணல்தரை என்றால் அதுவும் நிலத்துக்குள் போய்விடும். களிமண் கொட்டி, நனைத்து, மிதித்து இறுக்கிய பிறகே நீர் விடுங்கள்.

கேள்வி (இறக்கக்கண்டி): கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்திலும் திடீரென்று மழை கொட்டினால்?

பதில்: மழைநீர் பாரம் குறைந்தது, உப்புநீருக்கு மேலே நிற்கும். காற்று கலக்க முன்னர் மடையின் மேல்பலகையை மட்டும் எடுத்து மேல்நீரை ஓடவிடுங்கள். பாத்தியில் 3 சென்ரிமீற்றர் நீரே நின்றால் இது பலிக்காது, எல்லாம் கலந்துவிடும். மூட்டம் கண்டவுடன் 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை செறிந்த நீரை ஏற்றிவையுங்கள்.

கேள்வி (திருகோணமலை நகரம்): அக்கா ஒருவர் உப்பளத்துக் கல்லுப்பு தந்தார். சமைக்கலாமா? கருவாடு போடலாமா?

பதில்: அதில் சேர்த்த அயடின் இராது. அன்றாடக் கறிக்கு அயடின் உப்பையே வாங்குங்கள். மூடிய போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வைத்து, கறி இறக்கும்போது போடுங்கள். கல்லுப்பு கருவாட்டுக்கு நல்லது, ஆனால் நன்றாக வடிந்து உலர்ந்ததாக இருக்கவேண்டும். புதிதாய் அள்ளிய ஈர உப்பைப் போட்டால் அதிலுள்ள மகனீசியம் காற்றின் ஈரத்தை இழுத்து, மாரியில் கருவாட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.