மாலத்தீவு வகுப்பறையும் திருப்பூர் வகுப்பறையும்: ஒரு கணக்கு டீச்சரிடம் கேட்டவை

மாலத்தீவில் சில வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது திருப்பூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். வெளிநாட்டு வேலை என் பாடம் நடத்தும் முறையை எப்படி மாற்றியது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏனுங்க டீச்சர், வெளிநாட்டில் இருந்து வந்தவங்க சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நல்லா வருமுங்களா? (ஒரு அப்பா, அவிநாசி)

அதை மட்டும் நம்பிச் சேர்க்காதீங்க. மாலத்தீவில் அந்த நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் தவிர மற்ற பாடங்கள் ஆங்கிலத்தில்தான். ஆனால் பிள்ளைகள் விளையாடுவதும் சண்டை போடுவதும் திவேஹியில். அங்கே நான் பழகியது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவதும், ஒரே விஷயத்தைப் படம் போட்டு, எண் போட்டு, பொருளைக் கையில் கொடுத்து மூன்று விதமாகச் சொல்வதும்தான். இன்று தமிழில் நடத்தும்போதும் அதைத்தான் செய்கிறேன்.

என் நான்காம் வகுப்பில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வாயே திறப்பதில்லை. படிப்பு வரவில்லையா, பாஷைதான் தடையா, எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா? (ஆசிரியை, பல்லடம்)

இதைப் பற்றித்தான் அதிகம் பேச விரும்புகிறேன். தீவுக்குப் போன புதிதில் ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்துப் பேச, நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். கடையில் விரலைக் காட்டித்தான் சாமான் வாங்கினேன். கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கே அந்த நிலை. உங்கள் வகுப்புப் பெண் ஒன்பது வயதில் அதே இடத்தில் இருக்கிறாள்.

முதலில் வாக்கியமே இல்லாத கணக்கு கொடுங்கள்: வெறும் கூட்டல், கழித்தல். அதைப் போட்டுவிட்டு வாக்கியக் கணக்கில் நின்றால் தடை மொழிதான். அப்புறம், வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். வடக்கே இருந்து வந்தாலே இந்தி என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஒடிசாக்காரர் வீட்டில் ஒடியா இருக்கும், பீகார்க்காரர் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ இருக்கலாம். பள்ளி இந்தியே அந்தக் குழந்தைக்கு இரண்டாவது மொழியாக இருக்கக்கூடும்.

தமிழை எண்களில் இருந்து ஆரம்பியுங்கள். இந்தியில் நூறு வரைக்கும் பெரும்பாலான எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் பத்துகளும் ஒன்று முதல் ஒன்பதும் தெரிந்தால் மீதியைப் பிள்ளையே கட்டிக்கொள்ளும். ஒரு வாரத்திலேயே ‘எனக்கும் தமிழ் வருது’ என்ற தெம்பு வந்துவிடுகிறது.

அடுத்தது, அவளைச் சொல்லிக்கொடுக்க விடுங்கள். தீவுப் பிள்ளைகள் திவேஹியை ‘தானா’ என்ற எழுத்துமுறையில் வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அடுத்த பீரியடில் என் கணக்கை இடமிருந்து வலமாகப் போடுவார்கள். தானாவின் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களில் இருந்தும், அடுத்த ஒன்பது அந்த ஊரின் பழைய எண்களில் இருந்தும் வந்தவை. கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்! அதை எனக்கு எழுதிக் காட்டும்போது பின்வரிசைப் பையன்கள்கூடப் போட்டி போட்டு முன்னால் வந்தார்கள். உங்கள் பெண்ணும் தன் மொழியில் பத்து வரை எண்ணி வகுப்புக்குச் சொல்லட்டும்.

பேசச் சொல்லி நெருக்காதீங்க. புது மொழிக்குள் வரும் குழந்தைகளில் பலர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத்தான் பேசுவார்கள். பீகார்ப் பக்கத்துப் பண்டிகையான சத் பூஜைக்கோ ஹோலிக்கோ ஊருக்குப் போய் வாரக்கணக்கில் வராமல் இருந்தாலும் பெயரை அடித்துவிடாமல் இடத்தை வைத்திருங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். எந்த மொழி பேசும் பிள்ளையும் தமிழ்ப் பரீட்சையை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கான நேரத்தை இப்போதே கொடுப்பது நம் கடமை.

அங்கே சின்ன வகுப்பு, இங்கே நாற்பது பிள்ளைகள். ஒப்பிட முடியுமா அம்மணி? (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தாராபுரம்)

முழுசாக ஒப்பிட முடியாதுங்க ஐயா. கல்வி உரிமைச் சட்டம் ஓர் ஆசிரியருக்குத் தொடக்கநிலையில் 30, நடுநிலையில் 35 பிள்ளைகள் என்கிறது. நிறைய இடத்தில் அதைத் தாண்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் காசு கேட்காத ஒன்றைக் கொண்டுவந்தேன்: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. தீவில் பிள்ளைகள் கேள்வியை மனசுக்குள் தங்கள் மொழிக்கு மாற்றி, விடை கண்டுபிடித்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர நேரம் வேண்டியிருந்தது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே இதைக் காட்டியிருக்கிறார்: ஆசிரியர்கள் ஒரு விநாடி அளவுகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன. நாற்பது பேர் வகுப்பிலும் மூன்று விநாடி மூன்று விநாடிதானுங்க.

‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க’ன்னு பெத்தவங்களே சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க? (கரூர்)

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனசு நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். சின்னத் தீவில் பையனின் அம்மாவை அன்று சாயங்காலமே கடைவீதியில் பார்த்துவிடலாம், பேச்சு அங்கேயே முடியும். இங்கே ஷிஃப்ட் முடிந்து பெத்தவங்க வீடு வரவே ராத்திரி ஆகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் போடுகிறேன். குறை சொல்ல மட்டுமல்ல, பிள்ளை நல்லது செய்தாலும் போடுகிறேன்.

பி.எட். முடித்துவிட்டேன். மாலத்தீவு வேலைக்குப் போகலாமுங்களா? (கோபிசெட்டிபாளையம்)

தாராளமாகப் போங்க கண்ணு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். தலைநகர் மாலேயா, படகில் பல மணி நேரம் போகும் தீவா, தங்குமிடம் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். விடுமுறை வெள்ளி, சனி; ஞாயிறு பள்ளி உண்டு. லட்சம், கோடியை மறந்து மில்லியனில் கணக்குப் போட வேண்டும், கமா விழும் இடமே மாறும். திரும்பி வந்து இங்கே எட்டாம் வகுப்பு வரை நடத்துவதாக இருந்தால் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம். வெளிநாட்டு அனுபவம் அதற்கு ஈடாகாது. முடிந்தால் எழுதித் தேறிவிட்டே கிளம்புங்கள்.