மடிவீக்கம் முந்தி ஒரு ஊசியோடு மாறியது, இப்போது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கம் ஜேர்சிக் கலப்பு மாடு வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. ஒரே முலையில் மூன்றாம் தரம் வீக்கமாம். டொக்டர் மருந்தை மாற்றித் தந்தும் கேட்கவில்லையாம், மருந்துதான் தரமில்லையோ என்கிறார்.

மருந்தைச் சந்தேகிக்க முன்னர் கிருமியைக் கேளுங்கள். ஸ்ரெப்ரோகொக்கஸ் அகலக்ரியே என்றால் பெனிசிலினுக்கு நன்றாக அடங்கும். ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் அப்படியில்லை. மடித் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளாக ஒதுங்கிவிடும், மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதில் பல வகைகள் பெனிசிலினையே உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அதனால்தான் வீக்கம் வற்றி, பால் தெளிந்து, சில கிழமையில் அதே முலை திரும்பக் கல்லாகிறது. ஈ.கோலை வேறு: பால் தண்ணீராய்ப் போகும், மாடு காய்ச்சலோடு தீன் விட்டுப் படுக்கும். அதற்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

எது என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பால் மாதிரி அனுப்ப வேண்டும், அதுவும் முதல் ஊசிக்கு முன்னர். ஊசி போட்ட பிறகு எடுத்த பாலில் கிருமி வளராமல் போகலாம். முலையைக் கழுவித் துடைத்து, நுனியைப் பஞ்சில் நனைத்த 70 வீத ஸ்பிரிட்டால் தேய்த்து, முதல் மூன்று பீச்சை வெளியில் விடுங்கள். கிருமி நீக்கிய போத்தலைச் சரித்துப் பிடித்து 5 முதல் 10 மில்லிலீட்டர் எடுத்து, ஐஸில் வைத்து, கால்நடை வைத்திய அலுவலகத்தில் கொடுங்கள். விரல் போத்தல் வாயில் பட்டால் உங்கள் கைக் கிருமிதான் முடிவாக வரும்.

நடைமுறையில் இது தவறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பிரிவுக்குப் பொறுப்பான டொக்டர் சிகிச்சை, தடுப்பூசி, சினை ஊசி வேலை, பண்ணைப் பதிவு என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். நாட்டில் மிருக வைத்தியர்களை உருவாக்குவதோ பேராதனைப் பீடம் ஒன்றுதான். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் மருந்துத் தெரிவுப் பரிசோதனை முடிய இரண்டு மூன்று நாளாகும், வீங்கின மடி அதுவரை காத்திராது. ஆகவே அனுபவத்தை வைத்து மருந்து தொடங்குவது பிழையில்லை, மாதிரி எடுக்காமல் தொடங்குவதுதான் பிழை. 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் கிடைத்ததைப் போட்ட பழக்கமும், பழைய மருந்துத் துண்டைக் காட்டி மருந்து வாங்கும் பழக்கமும் இன்னும் போகவில்லை.

மூன்று நாள் மருந்தை இரண்டாம் நாள் பால் தெளிந்ததும் நிறுத்துவது, முலைத் துவாரத்துக்குள் ஏற்றும் மருந்து ரியூப் ஒன்றை இரண்டு முலைக்குப் பங்கிடுவது, இரண்டுமே கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. ரியூபின் நுனி மட்டும் உள்ளே போனால் போதும்.

மருந்து லேபலில் பால் விலக்கச் சொன்ன நாள் முடியும்வரை நாலு முலைப் பாலையும் வெளியே ஊற்றிவிடுங்கள். மருந்து இரத்தத்தோடு மற்ற முலைக்கும் போகும், காய்ச்சினாலும் பெரும்பாலும் அழியாது. பால் சங்கத்துக் கலனில் கலந்தால் உறை போட்ட தயிர்கூடக் கட்டாமல் போகலாம். கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.

வீக்கம் தெரிய முன்பே பிடிக்க மலிவான வழி: அரை லீட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி உடுப்புத் தோய்க்கும் பவுடர். ஒவ்வொரு முலைப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதே அளவு கரைசல் விட்டுச் சுழற்றுங்கள். கொழகொழவென்று கட்டினால் அந்த முலையில் அழற்சி இருக்கிறது. கன்று போட்ட முதல் நாட்களின் கடும்புப் பாலிலும், வற்றப்போகும் பாலிலும் சும்மாவே கட்டும், அதை நம்பாதீர்கள்.

கறந்த பிறகு முலைத் துவாரம் மூட அரை மணித்தியாலமாவது பிடிக்கும். அயடீன் கரைசலில் முலையைத் தோய்த்து, குழையோ பிண்ணாக்கோ போட்டு மாட்டை நிற்க வையுங்கள். மாரியில் சேற்றுத் தரையில் உடனே படுத்தால் மற்றதெல்லாம் வீண். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறவுங்கள்.

உங்கள் மாட்டுக்கு ஓரியஸ் என்று முடிவு வந்தால் கறவையில் நாலாம் தரமும் செலவழிக்காதீர்கள். கன்று போட இரண்டு மாதம் முன்னர் பால் வற்றவிடும்போது அதற்கென்று உள்ள நீண்டநாள் ரியூபைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். அதற்கும் மாறாவிட்டால் அந்த முலையை நிரந்தரமாக வற்றவிடலாம். இரண்டாவது முலைக்கும் பரவியிருந்தால் மாட்டையே விலக்குவதுதான் மற்ற மாடுகளுக்குப் பாதுகாப்பு.