கேஸ் குறைந்ததா, ஃபேன் நின்றதா?

கேள்வி: நாங்கள் சென்னையில் வசிக்கிறோம். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்விக வீட்டில் ஒரு கார் நிற்கிறது. பொங்கல், படைப்பு, கல்யாணம் என்று ஊருக்கு வரும்போது மட்டுமே அதை எடுப்போம். காரைக்குடிச் சாலையில் ஓடும்போது ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது, பிள்ளையார்பட்டியில் எஞ்சினை அணைக்காமல் சிறிது நேரம் நின்றால் சூடான காற்றுதான் வருகிறது. சென்ற ஆண்டு கேஸ் நிரப்பினோம். இப்போது மறுபடியும் நிரப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே நாங்கள் சோதித்துப் பார்க்க வழி உண்டா?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உண்டு. அதைச் செய்து பார்க்கும் வரை கேஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஏ.சி. கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதேயாகும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி முதலில் வேறொன்றைச் சுட்டுகிறது. காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியேற்றுவது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர். கார் ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். விசிறி சுழலாவிட்டாலோ, நம் பக்கத்துச் செம்மண் புழுதி கண்டென்சரின் மெல்லிய தகடுகளை அடைத்திருந்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெஸர் பாதுகாப்புக்காக நின்றுவிடும்.

காரைத் திறந்த வெளியில், நிழலில் நிறுத்துங்கள். வீட்டின் பின்கட்டை ஒட்டிய கார் ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடக் கூடாது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும். ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து, பானெட்டைத் திறந்து, விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். அது எந்த நொடியிலும் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால் கையோ சேலைத் தலைப்போ அருகில் போக வேண்டாம். சுழலவில்லையெனில் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். கம்பியைச் சுற்றிச் சமாளிக்காதீர்கள். மாதக்கணக்கில் நிற்கும் காரில் எலி ஒயரைக் கடித்திருப்பதும் அடிக்கடி காணும் காரணம் என்பதால் அதையும் தேடுங்கள்.

விசிறி சுழன்றும் குளிரவில்லையெனில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்புறக் கிரில் வழியாகக் கண்டென்சரின் மீது தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். ஓரிரு நிமிடங்களில் உள்ளே குளிர் திரும்பினால், கோளாறு வெப்பம் வெளியேறாததில் இருக்கிறது; தகடுகளை நன்றாகக் கழுவினாலே போதுமானதாக இருக்கலாம். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாயை மட்டும் அருகில் பிடிக்கவிடாதீர்கள், தகடுகள் மடங்கிவிடும். தண்ணீர் தெளித்தும் மாற்றமில்லை என்றால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். கேஸுடன் கம்ப்ரெஸர் எண்ணெயும் சுற்றுவதால், குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் புழுதியும் படிந்திருந்தால் கசிவு அங்கேதான்.

அதற்குமேல் வீட்டில் கை வைக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. இணைப்பைத் தளர்த்தினால் பீறிட்டுக் கையையும் கண்ணையும் உறையவைத்துவிடும். கேஸ் அளவுக்கு மீறினாலும் குளிர் குறையும் என்பதால், எத்தனை கிராம் என்பதை பானெட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து, எடை போட்டே நிரப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கம்ப்ரெஸரின் சீல், எண்ணெய் சுற்றாமல் பல மாதங்கள் கிடந்தால் காய்ந்து கசியத் தொடங்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், வாரம் ஒருமுறை காரை வெளியே எடுத்து 10 நிமிடம் ஏ.சி.யை ஓடவிடச் சொல்லுங்கள். பூட்டிய வீடுகள் நிறைந்த நம் ஊர்களில் கார்களுக்கு நான் மிகவும் வலியுறுத்துவது இதையே.

கேள்வி: ஏ.சி. போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கிறது. முன் இருக்கையின் கீழ் விரிப்பும் நனைந்திருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, தேவகோட்டை

பதில்: ஏ.சி. ஓடும்போது காரின் அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லையெனில் வடிகுழாய் அடைபட்டு, நீர் உள்ளே இறங்குகிறது. அடைப்பை நீக்கச் சொல்லுங்கள். கேபின் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு, வீடு சேர 5 நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை அணைத்து, புளோயரை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காய்ந்து, வாடை மெல்ல மெல்லக் குறையும்.