வண்ணப் பேனாவால் வரைதல் – கடிதம்

வணக்கம்.

ஓராண்டாகக் கறுப்புப் பேனாவால் கோட்டோவியம் பழகி வருகிறேன். தொட்டிச் செடி, நாற்காலி, சன்னல், தூங்குகிற பூனை என்று கண்ணில் படுவதையெல்லாம் வரைவேன். சுமாராக வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அண்மையில் வீட்டில் 48 நிறங்கள் கொண்ட ஸ்கெட்ச் பேனாப் பெட்டி ஒன்றைப் பரிசளித்தார்கள். அதன் பிறகு என் படங்கள் கெட்டுவிட்டன. கறுப்புக் கோட்டில் உயிரோடு இருந்த செடி, பச்சை தீட்டியதும் சிறுவர்கள் வண்ணமடிக்கும் புத்தகத்தில் உள்ள செடி போல ஆகிவிடுகிறது. தாள் நைந்துபோகிறது, மை பின்பக்கம் வரை ஊறுகிறது. கறுப்புக் கோட்டின் மேல் வண்ணம் பட்டால் கறுப்பும் கரைந்து அழுக்காகிறது. நான் வேறு வகைப் பேனா வாங்க வேண்டுமா? எத்தனை நிறங்கள் இருந்தால் போதும்? அல்லது எனக்கு வண்ணம் வராது என்று விட்டுவிடலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

விட்டுவிட வேண்டாம். கறுப்பில் ஒரு செடியை உயிரோடு வரையத் தெரிந்தவருக்கு வண்ணத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது. கறுப்புப் பேனா கையில் இருந்தபோது நீங்கள் கோடு போட்டீர்கள். வண்ணப் பேனா வந்ததும் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடத்தை நிரப்பத் தொடங்கிவிட்டீர்கள். படம் கெட்டது அங்கேதான். மெல்லிய முனையால் ஓர் இலையின் பரப்பைச் சமமாக நிரப்பவே முடியாது. ஒரு பட்டை மற்றொன்றின் மேல் ஏறிய இடமெல்லாம் வரிவரியாகக் கறுக்கும். ஈரமான இடத்தை முனை திரும்பத் திரும்ப உரசுவதால் தாளின் நார் கிளம்பிவிடும். பரப்பை நிரப்புவது தூரிகையின் வேலை. பேனாவின் வேலை, அது எந்த நிறமானாலும், கோடு போடுவது மட்டுமே. கறுப்பால் நிழல் காட்ட இணைகோடுகளும் குறுக்குக்கோடுகளும் போட்டிருப்பீர்கள் அல்லவா? அதையே நிறத்தில் செய்யுங்கள். நான் சொல்லப்போவது அனைத்தும் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் நிறங்களின் எண்ணிக்கை. நான்கு போதும். 48 நிறப் பெட்டி தொடக்கநிலையில் இருப்பவருக்குச் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. இலை என்றால் பச்சை, தண்டு என்றால் பழுப்பு, தொட்டி என்றால் செங்கல் நிறம் என்று பொருளுக்கொரு பேனாவை எடுக்க வைக்கிறது. அப்போது நீங்கள் செடியைப் பார்ப்பதில்லை, பெட்டியைப் பார்க்கிறீர்கள். செடியில் எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே இருள் கூடுகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. கறுப்புப் பேனா மட்டும் இருந்தபோது உங்களுக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு வழியில்லை. படம் உயிரோடு இருந்தது அதனால்தான்.

எனவே நிறத்தின் பெயரை மறந்துவிட்டு வெளிர்வையும் அடர்வையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு தாளில் 48 பேனாக்களாலும் சிறு சிறு கட்டங்கள் போடுங்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வேறு வேறு என்று நினைத்த பல நிறங்கள் ஒரே சாம்பலாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சாம்பல்களாகவே இருக்கும். மஞ்சள் ஏறக்குறைய காணாமல் போகும். ஊதாவும் கருநீலமும் இருளில் நிற்கும். இந்தச் சாம்பல் வரிசையிலிருந்து வெளிரில் ஒன்று, நடுவில் இரண்டு, அடர்வில் ஒன்று என்று எடுங்கள். நடுவில் எடுக்கும் இரண்டில் ஒன்று வெப்பச் சாயலும் (சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம்) மற்றொன்று குளிர்ச் சாயலும் (நீலப் பக்கம்) உடையதாக இருக்கட்டும். நான் தேர்ந்தெடுத்துத் தருவதென்றால் காவி மஞ்சள், செங்கல் சிவப்பு, சாம்பல் கலந்த நீலம், கரும்பழுப்பு ஆகியவற்றைத் தருவேன். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் வெள்ளைத் தாளில் கோடாகத் தெரியாது, அதனால்தான் காவி மஞ்சள்.

பச்சை எங்கே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பெட்டியில் வரும் பச்சைகள் பெரும்பாலும் எந்தச் செடியிலும் இல்லாத கூர்மையான பச்சைகள். காவி மஞ்சள் கோடுகளின் மேல் நீலக் கோடுகள் குறுக்கே போனால் அமைதியான ஒரு பச்சை வரும். நீலத்தைக் கூட்டினால் அது நிழல்பச்சை, குறைத்தால் தளிர்பச்சை. ஒரே இலைக்குள் இந்த மாற்றத்தைக் காட்டலாம். ஒற்றைப் பச்சைப் பேனாவால் இது ஆகாது.

கறுப்பு இல்லாமல் எப்படி என்ற தயக்கமும் வரும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் பேனா ஓவியங்களில் மிகப் பலவற்றைப் பழுப்பு மையில்தான் வரைந்தார். அவற்றில் இருளுக்குக் குறைவே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் வத்தோ என்ற ஓவியர் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று சுண்ணக்கட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு நிறத்தாளில் முகங்களை வரைந்தார். அந்தக் கன்னங்களில் தோலின் வெதுவெதுப்பு தெரியும். குறைந்த நிறங்களில் கண்ணும் கையும் வேலை செய்தாக வேண்டும் என்பதே அதன் சிறப்பு. கறுப்பு எல்லைக்கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்பும் வழக்கத்தையும் சில மாதங்களுக்கு அடியோடு நிறுத்துங்கள். வண்ணமடிக்கும் புத்தகத்தின் தோற்றம் அதிலிருந்துதான் வருகிறது.

இனி செடிக்கு வருவோம். காவி மஞ்சளை எடுங்கள். எல்லைக்கோடு போடாமல், இலை வளர்ந்திருக்கும் திசையிலேயே காம்பிலிருந்து நுனி நோக்கி மெல்லிய இணைகோடுகளை இழுங்கள். வெளிச்சம் நேராக விழும் இடத்தில் எதுவும் போடாதீர்கள். பேனாவில் வெள்ளை கிடையாது, தாள்தான் வெள்ளை. விட்டுவைத்த இடத்தை எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம், நிரப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது. அடுத்து நீலம். நிழல் பக்கமுள்ள இலைகளில் மட்டும், முந்தைய கோடுகளைச் சற்றுச் சாய்வாக வெட்டும்படி போடுங்கள். இரண்டும் ஒரே திசையில் போனால் நிறம் குழம்பும். சாய்ந்து வெட்டினால் இடையில் தாளின் வெண்மை தெரிந்துகொண்டே இருக்கும், படம் மூச்சுவிடும். கையெட்டும் தொலைவில் வைத்துப் பார்த்தால் தனித்தனிக் கோடுகள் மறைந்து கண்ணே நிறத்தைக் கலந்துகொள்ளும். 1880களில் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா சிறு புள்ளிகளாகத் தூய நிறங்களை அருகருகே வைத்து வரைந்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

செங்கல் சிவப்பைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். தண்டின் அடியில், வாடிய விளிம்பில், தொட்டியின் வெளிச்சம் படாத பக்கத்தில் போடலாம். பச்சையாகத் தெரியும் நிழலில் இரண்டு மூன்று சிவப்புக் கோடுகள் விழுந்தால் அந்தப் பச்சை அடங்கி ஆழம் பெறும். எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கரும்பழுப்பு. இலைக்கு அடியில் இலை மறையும் இடுக்குகள், தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடம், தொட்டி தரையைத் தொடும் வரி ஆகிய இடங்களில் மட்டும் அழுத்தமாகப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள். வெளிச்சம் படும் பக்கத்தில் இலையின் விளிம்பு திறந்தே கிடக்கட்டும், பார்ப்பவர் கண் அதை மூடிக்கொள்ளும்.

வெளிரிலிருந்து அடர்வுக்குப் போகும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். இந்தப் பேனாக்களின் மை பெரும்பாலும் ஒளி ஊடுருவக்கூடியது. அடர் கோட்டின் மேல் வெளிர் கோடு போட்டால் வெளிர் தெரியாது. அதோடு, காயாத கரும்பழுப்பின் மேல் மஞ்சள் முனை போனால் முனையே அழுக்காகி, அடுத்த பத்துக் கோடுகள் சேற்று நிறத்தில் வரும்.

உங்கள் கறுப்பு கரைந்ததற்கும் மை வகைதான் காரணம். மையில் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் சாயம் திரவத்திலேயே கரைந்திருக்கும். மற்றதில் நிறமியின் நுண்துகள்கள் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும். ஸ்கெட்ச் பேனாவிலும், ஃபைன்லைனர் எனப்படும் மெல்லிய முனை வண்ணப் பேனாக்கள் பலவற்றிலும் இருப்பது நீரில் கரையும் சாயம். அதன் ஈரம் பட்டால் கரையும் கறுப்பும் சேர்ந்து கலையும். நிறமி மை காய்ந்தபின் நீருக்கு அசையாது, வெயிலுக்கும் எளிதில் வெளிறாது. ஜப்பானின் சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் பேனா இவ்வகைக்குப் பெயர் பெற்றது. அதில் நிறங்களும் கிடைக்கின்றன. அதன் எண்கள் மில்லிமீட்டரைக் குறிப்பவை அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 01 என்றால் 0.25 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ. கோடு. எந்தப் பேனாவானாலும் ஒரு கோடு போட்டு, காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். உறையில் எழுதியிருப்பதை விட அதை நம்பலாம்.

வெளிறுவதைச் சிறு விஷயமாக நினைக்க வேண்டாம். வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் நாணல் பேனாவால் வரைந்த ஓவியங்களில் பலவற்றின் மை இன்று பழுப்பேறி மங்கிவிட்டது. சாயப் பேனாவால் வரைந்ததைச் சுவரில் மாட்டாமல் மூடிய ஏட்டிலேயே வைத்திருங்கள். பழகுவதற்குச் சாயமே போதும், அதில் ஒரு வசதியும் உண்டு. ஈரத் தூரிகையால் நீலக் கோட்டை மெல்லத் தொட்டால் கோடு கரைந்து நிழலாகப் படரும். பரப்பு வேண்டுமென்றால் அப்படிச் செய்யுங்கள்.

புதிதாக ஏதேனும் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நான் சொல்வது சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவை. நீலம், சிவப்பு, பச்சை, கறுப்பு நான்கும் ஒரே உடலில் அடங்கிய பேனா 1970இலேயே வந்துவிட்டது. படம் வரைவதற்கு இதை அதிகம் பேர் பரிந்துரைப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஃபைன்லைனர் எப்படிப் பிடித்தாலும் ஒரே தடிமனில்தான் கோடு தரும். பால்பாயிண்ட் கையின் அழுத்தத்தைக் கேட்கிறது. முனை தாளைத் தொட்டும் தொடாமலும் போனால் பென்சில் போல மங்கிய கோடு, அழுத்தினால் ஆழ்ந்த கோடு. எண்ணெய்ப் பசையான மை என்பதால் தாள் நைவதும் இல்லை, ஊறுவதும் இல்லை. முனையில் சேரும் மைத்துளியை அவ்வப்போது கந்தலில் துடைத்துக்கொண்டால் போதும். ஜெல் பேனாவில் வெள்ளை ஒன்று பயன்படும், நிறத்தாளில் ஒளிப்புள்ளி வைக்கலாம். மற்ற ஜெல்கள் காயத் தாமதமாகும், கை பட்டால் இழுபடும். ஆல்கஹால் மார்க்கர்களை இப்போது தொட வேண்டாம்.

பின்பக்கம் ஊறுவதற்குப் பேனாவை மட்டும் குறை சொல்ல முடியாது. நகலெடுக்கும் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். 150 ஜிஎஸ்எம் அளவில், மேற்பரப்பு வழவழப்பான தாளை எடுங்கள். கனம் மட்டும் போதாது. பசையூட்டம் (மை ஊறாமலிருக்கத் தாளில் சேர்க்கும் பசை) குறைந்த தாள் எவ்வளவு தடித்திருந்தாலும் கோட்டின் ஓரம் பிசிறும். வாங்கும் முன் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்க்க முடிந்தால் நல்லது. நீர்வண்ணத்துக்கான சொரசொரப்பான தாள் வேண்டாம், மெல்லிய முனைகளை அது விரைவில் தேய்த்துவிடும். பேனாக்களை மூடி போட்டுப் படுக்கை வாக்கில் வையுங்கள்.

மீதமுள்ள 44 பேனாக்களைப் பரிசளித்தவர்கள் மனம் நோகும்படி ஒதுக்க வேண்டியதில்லை. இந்த நான்கால் எவ்வளவு முயன்றாலும் வராத ஒரு நிறத்தை எதிரே இருக்கும் பொருளில் பார்ப்பீர்கள். ஒரு செம்பருத்தியின் சிவப்பாக இருக்கலாம், மாலை வானத்தின் ஊதாவாக இருக்கலாம். அன்று பெட்டியைத் திறந்து ஐந்தாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அந்தத் தொட்டிச் செடியை நான்கு நிறத்தில் ஒருமுறை வரைந்து அனுப்புங்கள். கறுப்பில் வரைந்த பழைய படத்தையும் சேர்த்து அனுப்பினால் கோடு கோடாக ஒப்பிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.