பார்த்துட்டு வந்ததுக்குக் காசு கேக்கலாமா?

கேள்வி: அண்ணே, 12 வருஷம் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட ஒயரிங் வேலை பார்த்துட்டு போன வருஷம்தான் தனியா வந்தேன். வேலைக்குக் குறைச்சல் இல்ல, ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது. சம்பளத்துக்கு இருந்தப்ப ஒரு மணி நேரத்துக்கு என்ன விழுந்துச்சோ அதுக்கு மேல கொஞ்சம் வச்சு வாங்குறேன், வந்து பார்க்கறதுக்குன்னு தனியா எதுவும் கேக்கறதில்ல. போன வாரம் ஒரு வீட்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சேஃப்டி ஸ்விட்ச்) நிக்கவே மாட்டேங்குதுன்னு கூப்பிட்டாங்க. ரெண்டு மணி நேரம் தேடி, கடைசில வாசல் லைட்டுக்குள்ள தண்ணி இறங்கி நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) எர்த்தும் ஒட்டிக்கிட்டு இருந்ததைப் பிடிச்சேன். ஒயரை நறுக்கி புது கனெக்டர் போட 10 நிமிஷம்தான். "ஒரு துண்டு ஒயர் மாத்துனதுக்கா இவ்வளவு?"ன்னு கேட்டுட்டாங்க. விசிட்டிங் சார்ஜ் வைக்கலாமா, வச்சா எவ்வளவு நியாயம்?

பதில்: வைக்கணும் தம்பி, வைக்காம இருந்ததுதான் தப்பு.

சம்பளத்துக்கு இருந்தப்ப 8 மணி நேரத்துக்கும் உங்களுக்குக் கூலி வந்துச்சு, வண்டில போற நேரம், சாமான் வாங்க நின்ன நேரம், அடுத்த சைட் ரெடி ஆகலன்னு சும்மா உக்காந்த நேரம் எல்லாமே முதலாளி கணக்கு. இப்ப முதலாளியும் நீங்கதான். வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 6 நாள்னா 312 நாள், அதுல லீவு, காய்ச்சல், போனே வராத நாள்னு 32 போனா 280. நாளைக்கு 8 மணி நேரம்னா 2,240 மணி நேரம் ஆகுது, ஆனா நெஞ்சைத் தொட்டு சொல்லுங்க, அதுல எத்தனை மணி நேரத்துக்கு பில் போடுறீங்க? நாளைக்கு நாலரை மணி நேரம் தேறினாலே பெருசு. அப்போ வருஷத்துக்கு 1,260 மணி நேரம்தான். பழைய சம்பளம் அப்படியே வரணும்னாலே மணிக்கூலி கிட்டத்தட்ட 1¾ மடங்கு இருக்கணும், இது வண்டி, பெட்ரோல், போன், மெகர் (ஒயர்ல கசிவு இருக்கான்னு பார்க்கற மீட்டர்), மல்டிமீட்டர், இன்சூரன்ஸ், தேஞ்சு போற ட்ரில் பிட் எதையும் சேர்க்காம. அதையும் வருஷத்துக்குக் கூட்டி, வீட்டுக்கு வேண்டியதோட சேர்த்து 1,260-ஆல வகுத்துப் பாருங்க, அதான் உங்க ரேட். பக்கத்து எலக்ட்ரீஷியன் என்ன வாங்குறார்ங்கறதை அதுக்கப்புறம் பாருங்க. (அவரும் இந்தக் கணக்கைப் போடாம இருக்கலாம், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து குறைச்சுக்கிட்டே போனா எங்க போய் நிக்கறது.)

இப்ப விசிட்டிங் சார்ஜ். போக 20, வர 20, வீடு தேடி வண்டியை நிறுத்த 5, அப்புறம் டிபியை (எம்சிபி எல்லாம் இருக்கற மெயின் பெட்டி) திறந்து என்ன கோளாறுன்னு பார்க்க ஒரு அரை மணி நேரம். மொத்தம் 75 நிமிஷம், ஆக ஒண்ணேகால் மணி நேரக் கூலி. அந்த அரை மணிக்குள்ள வேலையே முடிஞ்சுட்டா சாமான் காசைத் தவிர வேற எதுவும் வாங்காதீங்க, அதுக்கு மேல போனா 15 நிமிஷ கணக்குல கூட்டுங்க. சில பேர் "வேலை கொடுத்தா விசிட்டிங் ஃப்ரீ"ன்னு சொல்றாங்க, எனக்கு அது பிடிக்கல, ஏன்னா அந்தக் காசு எங்கயாவது சாமான் விலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்.

இதையெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி போன்லயே சொல்லிடணும். "வந்து பார்க்க இவ்வளவு, அதுல முதல் அரை மணி நேரம் அடக்கம், அதுக்கு மேல மணிக்கு இவ்வளவு, கோளாறைக் கண்டுபிடிச்சதும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவேன்." இவ்வளவுதான். சார்ஜ் கூடங்கறதை விட முடிஞ்சதுக்கு அப்புறம் சொல்றதுதான் ஆளுங்களுக்குக் கோவம் வரவைக்குது. உங்க வாசல் லைட் கேஸ்ல நடந்ததும் அதுதான்.

அந்த வீட்ல இன்னொண்ணும் செஞ்சிருக்கலாம், தேடும்போதே அவங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். சிங்கிள் போல் எம்சிபி (லோடு கூடினா தானா விழுற ஸ்விட்ச்) ஃபேஸை, அதாவது கரண்ட் வர்ற ஒயரை மட்டும்தான் வெட்டும், அதனால நியூட்ரல் எர்த்ல ஒட்டுனா ஸ்விட்ச், எம்சிபி எல்லாத்தையும் இறக்கி வச்சாலும் ஆர்சிசிபி விழுந்துக்கிட்டே இருக்கலாம். நியூட்ரல் ஒயர் எல்லாம் சேர்ற லிங்க்ல ஒவ்வொரு ஒயரா கழட்டி, மெகர்ல 500 வோல்ட் வச்சு, மீட்டர் முள்ளு எந்த ஒயர்ல ஜீரோ பக்கம் படுக்குதுன்னு பார்த்துத்தான் பிடிக்க முடியும். முள்ளு படுக்கறதை ஒரு தடவை கண்ணால பார்த்தவங்க "ஒரு துண்டு ஒயர்"னு சொல்ல மாட்டாங்க. பில்லுலயும் "ஒயர் மாற்றியது"ன்னு எழுதாம "கோளாறு கண்டுபிடித்தது 2 மணி, சரிசெய்தது 10 நிமிஷம்"னு பிரிச்சு எழுதுங்க.

ராத்திரி கூப்பிட்டா ஒன்றரை மடங்கு வாங்கலாம், தப்பில்ல. ஆனா கருகுற வாசனை வருதுன்னு பதறிப் போய் கூப்பிடறவங்ககிட்ட முதல்ல மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, வாசனை போகலன்னா, புகை வந்தா, உடனே வெளிய வந்து ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. எல்லாம் அடங்கிருச்சு, காலைல வரைக்கும் இருட்டுல இருந்துக்கறோம்னா பகல் ரேட்டுக்கே போங்க. நீங்க செஞ்ச வேலைல அதே கோளாறு திரும்ப வந்தா போக்குவரத்து உங்க செலவு, அதுல பேச்சே இல்ல. ஒரே தெருவுல ரெண்டு வீடு சேர்ந்தா போக, வர, வண்டி நிறுத்தன்னு போட்ட அந்த 45 நிமிஷத்தைப் பாதியாப் பிரிச்சுக் குறைச்சு வாங்குங்க. கேக்காமலே குறைச்சீங்கன்னா அடுத்த வேலை அந்தத் தெருவுலருந்துதான் வரும்.

கேள்வி: ஃபேன் ஓடலன்னு கூப்பிட்டோம். வந்தவர் ரெகுலேட்டரைத் திறந்து லூசா இருந்த ஒயரை முடுக்கிட்டு 5 நிமிஷத்துல கிளம்பிட்டார், சார்ஜ் மட்டும் முழுசா வாங்கிட்டார். நியாயமா சார்?

பதில்: வர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தார்னா நியாயம்தாங்க. 5 நிமிஷத்துல பிடிச்சவருக்கு குறைச்சுக் கொடுத்து, தெரியாம ஒரு மணி நேரம் எல்லா பெட்டியையும் கழட்டிப் போட்டவருக்குக் கூடக் கொடுத்தா அது என்ன கணக்கு? சொல்லாம வாங்கியிருந்தா உங்க கோவம் சரிதான். அடுத்த தடவை போன்லயே மூணு விஷயம் கேட்டுக்கோங்க: விசிட்டிங்ல எத்தனை நிமிஷம் அடக்கம், அதுக்கு மேல எப்படி, கோளாறு கிடைக்கலன்னாலும் காசு உண்டா. இதுக்கு நேரா பதில் சொல்றவரைக் கூப்பிடுங்க.

கேள்வி: சாமான் மேல 25 சதவீதம் வைக்கிறேன், கஸ்டமர் கேட்டா 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறேன். சரியா?

பதில்: 100-க்கு வாங்கினது 125, அதுல 10 சதவீதம் போனா 112.50. 25 கிடைச்ச இடத்துல பன்னிரண்டரை. சின்னத் தள்ளுபடின்னு நினைச்சு பாதி லாபத்தைத் தூக்கிக் கொடுத்துட்டீங்க.

கேள்வி: சொந்தக்காரங்க வீட்ல என்ன வாங்கறது?

பதில்: விசிட்டிங்கை விட்டுடுங்க, சாமான் காசை விடாதீங்க. "சும்மா வந்துட்டுப் போப்பா, அப்படியே அந்த ஸ்விட்சையும் பாரு"ன்னு கூப்பிடறவங்க வீட்டுக்குப் போறப்ப டூல்ஸ் பையை மறந்துட்டுப் போங்க.