சொந்த ஊரை விட்டு வந்த இளம் குடும்பம் கிறிஸ்துமஸ் மரபுகளை எதிலிருந்து தொடங்கலாம்?

திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, ஒரு குழந்தை இருக்கிறது, நகரத்தில் வாடகை வீட்டில் வசிக்கிறோம், சிறுவயதில் ஊரில் கண்ட கிறிஸ்துமஸை எங்கள் குழந்தைக்கு எப்படித் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். இயேசு பிறந்த தொழுவத்தைச் சிறிதாக அமைத்துக் காட்டும் குடிலிலிருந்து தொடங்குங்கள் என்பது என் பதில். அதிலும், குடிலுக்கு வேண்டிய புல்லை வீட்டிலேயே விதைத்து வளர்ப்பதிலிருந்து தொடங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, எங்கள் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் காலத்தைத் தொடங்கி வைப்பது கோட்டாறு சவேரியார் திருவிழாதான். நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3 அன்று நிறைவடையும் அந்தப் பத்து நாள் திருவிழாவில் தேர் பார்த்துவிட்டு வீடு திரும்பிய மறுநாளே, பாட்டா முற்றத்தில் அமர்ந்து மூங்கிலைப் பிளக்கத் தொடங்குவார். ஒரு நட்சத்திரத்துக்கு ஒரே நீளத்தில் பத்துச் சிம்புகள் வேண்டும். ஐந்தைக் கட்டினால் ஒரு முகம், மற்ற ஐந்தைக் கட்டினால் மறு முகம். இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, உள்மூலைகள் ஐந்திலும் குறுக்கே சிறு குச்சிகளைக் கொடுத்தால் நட்சத்திரம் நடுவில் உப்பி நிற்கும். மைதா மாவில் சிறிது மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சிய பசையால் வர்ணத்தாளை ஒட்டுவோம். துத்தம் சேர்க்காவிட்டால் பூச்சி அரித்துவிடும் என்பதால் பாட்டா அதில் கண்டிப்பாக இருப்பார். பசைச்சட்டியைத் தொட்ட கையைக் கழுவாமல் எங்களை எழவும் விடமாட்டார்.

நட்சத்திரம் பாட்டாவின் பொறுப்பு என்றால், புல் பாட்டியின் பொறுப்பு. டிசம்பர் 14 இரவு கேழ்வரகை ஊறப்போடுவார். மறுநாள் பழைய தகரத் தட்டுகளில் தேங்காய்த் தும்பைப் பரப்பி, அதன்மேல் சிறிது மண் தூவி, ஊறிய கேழ்வரகை நெருக்கமாக விதைத்து, ஈரச்சாக்கால் மூடி வைப்பார். இரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். சாக்கை எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் பச்சை பிடிக்கும். 24-ஆம் தேதிக்குள் விரல் நீளப் புல்லாக நிற்கும். முன்னதாகவே விதைத்தால் பண்டிகைக்குள் பழுத்துச் சாய்ந்துவிடும், தாமதித்தால் குடில் மொட்டையாக இருக்கும். ஆகவே அந்தத் தேதியில் பாட்டிக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. ஆளுக்கு ஒரு தட்டு. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, யாருடைய தட்டு கூடுதலாக வளர்ந்திருக்கிறது என்று விரலை வைத்து அளந்து பார்த்த அந்த ஒன்பது நாள்களை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. கிறிஸ்துமஸ் வருகிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தது அந்தத் தட்டுகளில்தான்.

குடிலைப் பனையோலைக் கூரையிட்டு அமைப்போம். சிமென்ட் பையின் தாளைக் கசக்கிக் கரியும் செம்மண்ணும் பூசினால் மலை; உடைந்த முகக்கண்ணாடியின் துண்டு, சுற்றிலும் மணல் வைத்தால் குளம். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடுமாடுகள் எல்லாச் சுரூபங்களும் இடத்துக்கு வந்தாலும் தீவனத் தொட்டி மட்டும் காலியாக இருக்கும். இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியை வைத்துக் கிறிஸ்து பிறப்பின் இரவைக் கொண்டாடியதே குடில் வைக்கும் வழக்கம் பரவக் காரணம் என்பார்கள். அங்கே வைக்கோல், எங்கள் வீட்டில் கேழ்வரகுப் புல். நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் தொடங்கும்போது கோவில் மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். குடிலின் திரை விலகும். திருப்பலி முடிந்ததும் வரிசையில் நின்று பாலன் இயேசுவை முத்தமிட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். வந்ததும், வீட்டில் இளைய பிள்ளை எதுவோ அது இரு கைகளாலும் பாலனை ஏந்தி வந்து தொட்டியில் கிடத்தும். தம்பி பிறந்த பிறகு அந்த உரிமை என்னிடமிருந்து போயிற்று, அன்று அழுதேன்.

பலகாரங்களைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது. முந்திரிக்கொத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயரைப் பார்த்து அதில் முந்திரிப்பருப்பைத் தேடுபவர்கள் உண்டு. சிறுபயற்றை வறுத்து உடைத்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்து, பாகில் பிசைந்து உருட்டி, மஞ்சள் கலந்த அரிசி மாவில் முக்கி, இரண்டு மூன்றாக ஒட்டும்படி எண்ணெயில் விடுவார்கள். கொடிமுந்திரிக் கொத்துப்போல வருவதால் அந்தப் பெயர். பலகாரத்தில் முதல் பங்கு அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் போகும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அவர்கள் தந்த பாத்திரங்களை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. கேக்கும் மரமும் பரிசுப் பொருள்களும் எங்கள் வீட்டுக்குப் பிற்காலத்தில் வந்தவை. எனக்கு அவற்றில் பெரிய பற்றில்லை.

2008-இல் பாளையங்கோட்டையைச் சேர்ந்த, புராட்டஸ்டன்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் மணமாகிக் கோயம்புத்தூருக்கு வந்தேன். கணவர் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பின்னிரவில் வாசலுக்கு வந்து பாடும் கீதப் பவனியும், 25-ஆம் தேதி விடியற்காலை ஆராதனையும், அதில் பாமாலையோடு கூடப் பாடும் கீர்த்தனைகளும்தான். குடில் கிடையாது. முதல் ஆண்டு நான் சுரூபங்களை எடுத்து வைத்தபோது அத்தையின் முகம் வாடியதைக் கவனித்தேன். சுரூபம் வைத்து வணங்குவது அவருடைய விசுவாசத்துக்கு ஒவ்வாதது. குடிலை விடுவது எனக்கு இயலாதது. இதைப் பேசாமல் விட்டிருந்தால் ஆண்டுதோறும் ஒரு கசப்பு வளர்ந்திருக்கும். மூவரும் உட்கார்ந்து பேசினோம். வணங்குவதற்காக வைக்கவில்லை, பிறப்பின் கதையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வைக்கிறேன் என்றேன். அப்படியானால் கதையை நான் வாசிக்கிறேன் என்றார் அத்தை. அன்றிலிருந்து 24-ஆம் தேதி மாலையில் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை அத்தை குடிலின் முன் வாசிக்க, ஒரு கீர்த்தனை பாடி, பிறகு நாங்கள் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுகிறோம். பாளையங்கோட்டைக்குப் போகும் ஆண்டுகளில் விடியற்காலை ஆராதனை. நீங்களும் இரு வேறு வழக்கங்களில் வளர்ந்தவர்கள் என்றால், ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க அவசரப்படாதீர்கள். இரண்டுக்கும் ஒரே மாலையில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2015 ஆகஸ்டில் அப்பா காலமானார். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் அந்த ஆண்டு நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. உறவினரும் அயலாரும் கொண்டுவந்து தருவார்கள். நானும் எதையும் செய்ய மனமில்லாமல் இருந்தேன். நான்கு வயது மகள் மட்டும், எப்போது தட்டில் விதைப்போம் என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “நட்சத்திரம் வேண்டாம், பலகாரம் வேண்டாம். குடிலை மட்டும் வையி மக்களே. பாலன் பிறக்காம இருப்பாரா?” என்றார். அன்று மாலையே கேழ்வரகை ஊறப்போட்டோம். வாசலில் விளக்கில்லாத அந்த டிசம்பரில், சமையலறைச் சன்னலோரம் அந்தப் பச்சை நாளுக்கு நாள் உயர்வதைப் பார்த்தபடிதான் நான் பண்டிகைக்குள் வந்தேன். உங்களிடம் புல்லிலிருந்து தொடங்கச் சொல்வது அதனால்தான். பணமோ இடமோ அதிகம் இல்லாவிட்டாலும், துக்கத்தால் கை ஓய்ந்திருந்தாலும் அது நடக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதில் மெய்யான வேலை உண்டு. கடையில் வாங்கி ஒரே மாலையில் மாட்டிவிடும் விளக்குச் சரத்தில் அந்தக் குழந்தைக்குச் செய்ய எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் புதிதாகத் தோன்றிய வழக்கம் ஒன்றும் உண்டு. பாலனைக் காண வந்த மூன்று அரசர்களும் முதல் நாளே குடிலுக்குள் நிற்பது தவறு, அவர்கள் தொலைவிலிருந்து வர வேண்டாமா என்று மகள் ஏழு வயதில் கேட்டாள். அதிலிருந்து அவர்கள் புத்தக அலமாரியில் புறப்பட்டு, தொலைக்காட்சி மேசை, சன்னல் விளிம்பு என்று நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, அவர்களுடைய திருநாளான ஜனவரி 6 அன்று குடிலை அடைகிறார்கள்.

வாடகை வீட்டில் மண் சிந்தும் என்று அஞ்ச வேண்டாம். ஒரு தாம்பாளத்தில் ஈரப் பருத்தித் துணியை மடித்து விரித்தாலே கேழ்வரகு முளைக்கும். துணி உலராமலும் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு கைப்பிடி அளவு தாராளம். 14-ஆம் தேதி இரவு ஊறப்போடுங்கள். 15 அன்று குழந்தையின் கையாலேயே தூவச் செய்யுங்கள். எல்லாம் முடிந்தபின் ஊரில் அந்தப் புல்லை ஆட்டுக்குப் போடுவோம். இங்கே அடுத்த தெருவில் பால் கறக்கும் வீடு ஒன்று இருக்கிறது. ஜனவரி 7 அன்று காலை என் மகள் தட்டோடு அங்கே போய், அந்த மாடு தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு வருகிறாள்.