இல்லாத எண்ணை ஏன் படிக்க வேண்டும்?

உங்கள் மகளுக்குக் கணக்கு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, கலப்பெண் (சாதாரண எண்ணும் கற்பனை எண்ணும் சேர்ந்தது) பாடத்தில் தடுமாறியதும் பொறியியலே வேண்டாம் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு பாடத்தை வைத்து அவளை அந்த முடிவுக்குப் போக விடாதீர்கள். பல மாணவர்களை இங்கே மிரட்டுவது ‘கற்பனை எண்’ என்ற பெயர்தான். அதே எண்ணால் பெருக்கினால் குறை எண் தருகிற எண்ணுக்குத்தான் அந்தப் பெயர்.

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் குறை எண் வராதே என்று அவள் கேட்பது நியாயமான கேள்வி. 1545இல் கார்டானோ என்ற இத்தாலியக் கணித அறிஞரும் இதில்தான் தவித்தார். கூட்டினால் 10, பெருக்கினால் 40 வரும் இரண்டு எண்களைத் தேடியவருக்கு விடையில் −15இன் வர்க்கமூலம் வந்து நின்றது. பெருக்கிப் பார்த்தால் 40 சரியாக வந்தது. ஆனால் அதனால் பயனில்லை என்றே அவர் நினைத்தார்.

அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். 5ஐ −1ஆல் பெருக்கினால் −5. அதாவது எண்கோட்டில் சுழியத்தைச் சுற்றி 180 பாகை திரும்பி எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. சரி, அதில் பாதி, 90 பாகை மட்டும் திருப்புகிற எண் ஒன்று இருந்தால்? அதனால் இரண்டு முறை பெருக்கினால் −1ஆல் பெருக்கியதாகிவிடும். அந்த எண்ணைத்தான் ‘ஐ’ (i) என்று குறிக்கிறோம். கோட்டில் தேடினால் கிடைக்காது, தாளில் கோட்டுக்கு மேலே இருக்கிறது.

இதன் பயன் மாறுமின்னோட்டத்தில் (ஏசி) கண்கூடாகத் தெரியும். ஒரு கம்பிச்சுருளின் மின்தடை 3 ஓம், மின்மறுப்பு (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) 4 ஓம் என்றால் மொத்தம் 7 அல்ல, 5 ஓம்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்பவை. முன்னதை மெய்ப்பகுதியாகவும் பின்னதைக் கற்பனைப் பகுதியாகவும் 3 + 4i என்று எழுதினால், அளவும் கோணமும் ஒரே எண்ணில் கிடைத்துவிடும். ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர் 1893இல் இந்த முறையை எடுத்துச் சொன்னார். இன்றும் அப்படித்தான் கணக்கிடுகிறார்கள். மின்னோட்டத்துக்கு ‘ஐ’ ஏற்கெனவே போய்விட்டதால் மின்பொறியாளர்கள் ‘ஜே’ (j) என்று எழுதுவார்கள். கல்லூரியில் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வைஃபை சமிக்ஞை, எம்ஆர்ஐ ஸ்கேன், குவாண்டம் இயற்பியல் எல்லாவற்றிலும் இதே எண்கள்தான்.

மின்பொறியியல், மின்னணுவியல், தகவல்தொடர்பு, இயற்பியல் படிக்க விரும்பினால் இது தினமும் கூடவே வரும். வணிகவியலிலோ பெரும்பாலான மென்பொருள் வேலைகளிலோ அவ்வளவாகத் தேவைப்படாது.

இந்த வாரம் ஒரு வரைபடத்தாளில் (3, 2) என்ற புள்ளியை, அதாவது 3 + 2i என்ற எண்ணை, குறிக்கச் சொல்லுங்கள். ‘ஐ’யால் பெருக்கப் பெருக்க அது (−2, 3), (−3, −2), (2, −3) என்று சுற்றி, நான்காம் முறை கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். அவளே பெருக்கி, அவளே வரையட்டும். அப்புறமும் சிக்கினால், சைன், கொசைன் பாடத்தில் எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு உண்மையான ஓட்டை அங்கேதான் இருக்கும்.